ஏஐயிடம் கேட்டுக் கேட்டு நம் யோசனை என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகள் இல்லாமல் இப்போது என் நாள் ஓடுவதில்லை. இது தெரிந்த நண்பர்கள், அவர்களின் பிள்ளைகள், பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் அப்பா அம்மாக்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மூளை மருத்துவர் இல்லை. படித்ததையும் என் மேசையில் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

தினமும் ஏஐ பயன்படுத்தினால் மூளை மழுங்கிவிடுமா?

மழுங்கிவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்ததே 2022 நவம்பர் கடைசியில்தான். இந்தச் சில வருடங்களை வைத்து மனித மூளைக்கு நிரந்தரமாக என்ன நேரும் என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது.

அளந்திருப்பது வேறு ஒன்றை. ஒரு வேலையைக் கருவியிடம் கொடுத்தால் அந்த வேலையில் நம்மிடம் என்ன தங்குகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பதில் ஓரளவு தெளிவாகவே வருகிறது. எந்தப் பகுதியை நீங்கள் செய்யவில்லையோ அந்தப் பகுதி உங்களிடம் தங்குவதில்லை. காய் நறுக்கித் தர ஆள் இருந்தால் நறுக்குகிற கை பழக்கம் விட்டுப்போகும். உப்பு புளி பார்க்கிற நாக்கு போய்விடாது. நாக்கு பார்க்கிற வேலையையும் அந்த ஆளிடமே கொடுத்துவிட்டால்தான் சிக்கல்.

எம்ஐடி ஆய்வு ஒன்று, சாட்ஜிபிடி மூளையைக் கெடுக்கிறது என்று நிரூபித்துவிட்டதாமே?

வாட்ஸப்பில் அப்படித்தான் சுற்றியது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உள்ள மீடியா லேபைச் சேர்ந்த நதாலியா கோஸ்மினாவும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு அது. 54 பேரை மூன்று குழுவாகப் பிரித்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு சாட்ஜிபிடியோடு, இன்னொன்று கூகுள் தேடலோடு, மூன்றாவது எதுவுமில்லாமல் சொந்த யோசனையோடு. எழுதும்போது தலையில் இஇஜி கருவியை மாட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். சாட்ஜிபிடி குழுவில் மூளைப் பகுதிகளுக்கிடையே இருந்த தொடர்பு மற்ற இரண்டு குழுக்களையும்விடக் குறைவு.

எனக்கு உறைத்தது மின் அலைக் கணக்கு இல்லை. எழுதி முடித்த கையோடு, உங்கள் கட்டுரையிலிருந்தே ஒரு வரியைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முதல் அமர்வில் சாட்ஜிபிடி குழுவின் 18 பேரில் 15 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மற்ற குழுக்களில் அப்படித் திணறியவர்கள் மிகச் சிலர்தான்.

நான்காவது அமர்வில் ஆளை மாற்றிப் போட்டார்கள். மூன்று முறை சொந்தமாக எழுதியவர்கள் கையில் சாட்ஜிபிடியைக் கொடுத்தபோது அவர்கள் மூளை சுறுசுறுப்பாகவே இருந்தது. மூன்று முறை சாட்ஜிபிடியோடு எழுதியவர்களிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டபோது அவர்களின் மூளைத் தொடர்புகள் பலவீனமாகத் தெரிந்தன. கருவி ஒன்றேதான். அது எப்போது கைக்கு வந்தது என்பதில்தான் வித்தியாசம். ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இது. அதை யாரும் பகிரவில்லை.

சரி, குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அந்த நான்காவது அமர்வுக்கு வந்தவர்கள் 18 பேர்தான். மற்ற ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே முன்வரைவாக வெளியான ஆய்வு. முட்டாளாக்குகிறது, மூளையை அழுக வைக்கிறது போன்ற சொற்களைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள் என்று ஆய்வாளர்களே கேட்டுக்கொண்டார்கள். யார் கேட்டார்கள்?

கால்குலேட்டர் வந்தபோதும் இதையேதானே சொன்னார்கள்?

சொன்னார்கள். அதற்கும் முன்னால், எழுத்து வந்தால் ஞாபகசக்தி போய்விடும் என்று சாக்ரடீஸ் கவலைப்பட்டதாகப் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். சாக்ரடீஸ் சொன்னது பாதி நடக்கத்தான் செய்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவனுக்கு முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16இல் ஒரு பங்கு என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. இன்று நமக்கு அரையும் காலும் முக்காலும்தான் மிச்சம். போனது போனதுதான். வேறு கணக்கு முறை வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டதால் வலிக்கவில்லை.

ஆனால் கால்குலேட்டரோடு ஏஐயை ஒப்பிடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கால்குலேட்டர் வாங்கிக்கொள்வது ஒரே ஒரு வேலையை. எதை எதால் பெருக்க வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும். அடித்தது சரியாக இருந்தால் விடையும் சரி. ஏஐயிடம் கணக்கை முழுதாக ஒட்டிவிடலாம். என்ன கேட்டிருக்கிறார்கள் என்றுகூடப் படிக்க வேண்டாம். விடை சரியா தவறா என்பதும் அதன் தொனியில் தெரியாது, இரண்டையும் அதே நிதானத்தோடு சொல்லும். கால்குலேட்டர் கையின் வேலையை எடுத்துக்கொண்டது. இது, என்ன செய்வது என்று முழிக்கிற அந்த முதல் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. யோசனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஐந்து நிமிடம்தான்.

போன் நம்பர் மறந்துவிட்டது, வழி மறந்துவிட்டது. இதுவும் அதே கதைதானா?

அதே குடும்பம். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் பெற நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். 2000இல் எலினார் மகுவயர் குழு அவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. கனடாவில் 2020இல் வந்த ஒரு சிறிய ஆய்வு இதன் மறுபக்கம். ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்கள், அது இல்லாமல் வழி கண்டுபிடிப்பதில் பின்தங்கினார்கள். போன் நம்பர் மறந்தால் எனக்குக் கவலையில்லை. அதை வைத்து நான் எதையும் யோசிப்பதில்லை.

என் மகள் ஏஐ வைத்துத்தான் கணக்குப் போடுகிறாள். மதிப்பெண் ஏறத்தானே செய்கிறது?

வீட்டுப்பாடத்தில் ஏறும். துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சுமார் 1000 மாணவர்களை வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023இல் செய்த சோதனையைச் சொல்கிறேன். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குச் சாட்ஜிபிடி போலப் பதில் சொல்லும் சாதாரண ஜிபிடி-4 கிடைத்தது. பயிற்சிக் கணக்குகளில், எதுவும் கிடைக்காத பிள்ளைகளைவிட 48 சதவீதம் நன்றாகச் செய்தார்கள். அப்புறம் கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். அதே பிள்ளைகள் இப்போது 17 சதவீதம் பின்தங்கினார்கள். அதாவது, ஏஐயைக் கண்ணாலேயே பார்க்காத பிள்ளைகளைவிடக் குறைவு.

இதைவிட மோசமான செய்தி, தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நன்றாகச் செய்ததாகவே நினைத்தார்கள். விடையைப் பார்த்துத் தலையாட்டும்போது நமக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கும். பக்கத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளை எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். நோட்ஸைப் பத்து முறை படித்துவிட்டுத் தேர்வு அறையில் முழித்த எல்லாருக்கும் இது தெரியும்.

அப்படியானால் ஏஐயிடம் படிப்பதே தப்பா?

இல்லை. அதே துருக்கிச் சோதனையில் மூன்றாவது குழு ஒன்று இருந்தது. அவர்களுக்குக் கொடுத்த ஏஐ விடையைச் சொல்லாது. குறிப்பு மட்டும் தரும், ஆசிரியர்கள் அப்படிக் கட்டிவைத்திருந்தார்கள். பயிற்சியில் அவர்கள் 127 சதவீதம் மேலே போனார்கள், தேர்விலும் பெரிய சரிவு இல்லை. மற்றவர்களோடு சேர்ந்தே நின்றார்கள்.

ஹார்வர்டில் 194 இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்த இன்னொரு சோதனை இதைவிட நல்ல செய்தி சொல்கிறது. படிப்படியாக நடத்திச் செல்லும்படி பேராசிரியர்களே வடிவமைத்த ஏஐ ஆசிரியரிடம் படித்தவர்கள், வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். விடையைக் கொட்டும் ஏஐ ஒன்று, கேள்வி கேட்டுக் குடையும் ஏஐ இன்னொன்று. உங்கள் மகள் போனில் இருப்பது பெரும்பாலும் முதல் வகைதான். இரண்டாவது வகையாக்க ஒரு வரி போதும்: "விடையைச் சொல்லாதே, நான் எங்கே தடுக்கினேன் என்று மட்டும் காட்டு." அந்த வரியைத் தானாக எழுதும் பதினாறு வயதுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு 20 வருட அனுபவம். இதெல்லாம் மாணவர்களுக்குத்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2025 ஆகஸ்டில் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் போலந்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோபியைச் செய்யும் மருத்துவர்கள், ஒவ்வொருவரும் 2000க்கு மேல் பரிசோதனை செய்தவர்கள். திரையில் சந்தேகத்துக்குரிய இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டும் ஏஐ அவர்களின் மருத்துவமனைகளுக்கு வந்தது. சில பரிசோதனைகள் ஏஐயோடும் சில ஏஐ இல்லாமலும் நடந்தன. ஆய்வு பார்த்தது அந்த 'இல்லாமல்' நடந்தவற்றை. பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய அடினோமா கட்டிகளைக் கண்டுபிடிக்கும் விகிதம், ஏஐ வருவதற்கு முன் 28.4 சதவீதமாக இருந்தது, வந்த பிறகு 22.4 ஆகியிருந்தது. கருவி இல்லாத நாளில் கண் முன்பு போலத் துழாவவில்லை என்று தோன்றுகிறது. நோயாளிகளையும் நாட்களையும் குலுக்கிப் போட்டுச் செய்த சோதனை இல்லை, வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் படித்த அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

விமானத் துறை இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டது. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்து ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. கையால் ஓட்ட வேண்டிய நிலை. நான்கரை நிமிடத்துக்குள் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது, 228 பேரும் இறந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. பிறகு 2013இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், வாய்ப்புள்ளபோதெல்லாம் விமானிகளைக் கையால் ஓட்ட விடுங்கள் என்று விமான நிறுவனங்களுக்குச் சொன்னது. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே இந்த முரணை எழுதிவிட்டார்: இயந்திரம் எளிதான வேலையை எல்லாம் செய்துவிட்டு, கடினமான தருணத்தை மட்டும் மனிதனிடம் நீட்டும். அப்போது அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

ஏஐ தப்பாகச் சொன்னால் நான் கண்டுபிடித்துவிட மாட்டேனா?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் கண்டுபிடிப்பீர்கள், அதுவும் அவசரம் இல்லாத நாளில். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் 2025இல் 319 அலுவலகப் பணியாளர்களிடம் விசாரித்தன. ஏஐ மேல் நம்பிக்கை கூடக்கூட, விடையைச் சோதித்துப் பார்க்கும் யோசனை குறைந்தது. தன் திறமை மேல் நம்பிக்கை உள்ளவர்கள் அதிகம் சோதித்தார்கள். அவர்களே சொன்னதை வைத்த கணக்குதான், ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

2023இல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நிஜம் என்று நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். இவை உண்மையான வழக்குகளா என்று அதனிடமே கேட்டும் பார்த்திருக்கிறார். ஆமாம் என்றது. அபராதம் 5000 டாலர். திருடனிடமே சாவியைக் கொடுத்துப் பூட்டைச் சரிபார்க்கச் சொன்ன மாதிரி.

நான் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறதே, இது நல்லதா?

கேட்க இதமாக இருக்கும், யோசனைக்கு நல்லதில்லை. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாடலில் செய்த ஒரு மாற்றத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அளவுக்கு மீறி ஜால்ரா போடுகிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம்மை மறுத்துப் பேச ஆள் இல்லாதபோதுதான் மோசமான யோசனைகள் கொழுக்கின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. 2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், சதிக் கோட்பாடுகளை நம்புகிறவர்களோடு ஏஐயை வாதாட விட்டார்கள். ஜால்ரா போடாமல், அவர்கள் சொன்ன ஆதாரத்துக்கு நேராகப் பதில் சொல்லும்படி. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் இறங்கியது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பாவோடு வாதாடிப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

கதை எழுத உதவுமா?

உங்கள் கதைக்கு உதவலாம், எல்லார் கதைக்கும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம். 2024இல் ஒரு ஆய்வில், ஏஐயிடம் கருவை வாங்கி எழுதிய குட்டிக் கதைகளை வாசகர்கள் சற்று மேலாக மதிப்பிட்டார்கள். ஆனால் அந்தக் கதைகள் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஏதாவது சிக்கல் உண்டா?

இது என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இந்தக் கருவிகள் படித்த எழுத்தில் தமிழ் மிகக் கொஞ்சம், ஆங்கிலம் மலை போல. அதனால் அவை எழுதும் தமிழுக்குள் ஆங்கில வாக்கியம்தான் படுத்திருக்கிறது. "முக்கியப் பங்கு வகிக்கிறது", "இன்றைய வேகமான உலகில்", "இது வெறும் உணவு அல்ல, ஓர் உணர்வு" என்று ஒரே அச்சு. இலக்கணப் பிழை இருக்காது, அதனால்தான் ஆபத்து. பிழை இருந்தால் திருத்திவிடுவோம். இது வழவழவென்று உள்ளே போய்விடுகிறது.

ஏழெட்டு மாதம் தொடர்ந்து ஏஐ வரைவை மட்டுமே திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், "உங்கள் உடல்நலம் குறித்து அறிந்து கொள்ள விரும்புகிறேன்" என்று கை எழுதுகிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, "அக்கா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தேன்.

ஏஐயால் யோசனை நிஜமாகவே கூர்மையான உதாரணம் ஏதாவது?

பலகை விளையாட்டுகளைப் பாருங்கள். கோ என்ற விளையாட்டில் 2016 மார்ச்சில் ஆல்ஃபாகோ நிரல் கொரியாவின் லீ செடோலை 4-1 என்று தோற்கடித்தது. அதன் பிறகு மனித விளையாட்டு சோர்ந்துவிடும் என்று பயந்தார்கள். 1950 முதல் 2021 வரை தொழில்முறை ஆட்டக்காரர்கள் வைத்த 58 லட்சம் நகர்வுகளை எடுத்துப் பார்த்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. ஏஐ ஜெயித்த பிறகு மனிதர்களின் நகர்வுகள் மேம்பட்டன, முன்பு யாரும் வைக்காத புதிய நகர்வுகளும் கூடின.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. சென்னையின் குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனவர். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆட்டத் திறனைக் காட்டும் ரேட்டிங் புள்ளியில் சுமார் 2500 எட்டும்வரை, நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரலான செஸ் எஞ்சினை அவரைத் தொடவிடவில்லை. இந்தக் காலத்தில் அது விநோதமான முடிவு. பத்து வயதுப் பிள்ளைகள்கூட ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் திறந்து, எந்த நகர்வு தப்பு என்று ஒரு நொடியில் பார்த்துக்கொள்கிறார்கள். குகேஷ் பலகை முன் உட்கார்ந்து, இந்த நிலை எனக்குச் சாதகமா பாதகமா என்று தானே கணக்குப் போட்டுப் பழகினார். யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதை எஞ்சின் 'கூட்டல் 0.7' என்று எண்ணாகச் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அந்த ஏனைத் தானாகத் தேடிப் பழகாதவன் போட்டி அறையில் தனியாக உட்காரும்போது கையில் ஒன்றும் இருக்காது. அங்கே எஞ்சின் கிடையாது.

அதற்காக அவர் கடைசிவரை எஞ்சின் இல்லாமல் ஜெயித்தார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உச்சத்துக்குப் போன பிறகு எல்லாரையும் போல அவர் அணியும் எஞ்சினை வைத்துத்தான் தயாரிப்பு செய்கிறது. கருவி வந்தது, தாமதமாக வந்தது. எம்ஐடி ஆய்வின் நான்காவது அமர்வு ஞாபகம் வருகிறதா?

இதையே விதியாக்கிவிட முடியாது என்பதும் உண்மை. சின்ன வயதிலிருந்தே எஞ்சினோடு வளர்ந்த கிராண்ட்மாஸ்டர்களும் இருக்கிறார்கள்.

சரி, பிள்ளைக்கு எந்த வயதில் கொடுக்கலாம்?

வயதைவிட விஷயத்தைப் பாருங்கள். ஒரு பத்தியைத் தானாக எழுதத் தெரிந்த பிள்ளை, அதை ஏஐயிடம் கொடுத்துக் குறை கேட்கலாம். எழுதவே தெரியாத பிள்ளைக்கு அந்தக் குறை புரியாது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். நான் 45 வயதில் மலையாளம் கற்றுக்கொள்கிறேன். அந்த விஷயத்தில் நான் ஒன்றாம் வகுப்பு.

நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

முதல் வரைவு என்னுடையது. மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிவிட்டுத்தான் கருவியைத் திறக்கிறேன். விடுபட்ட வரி, தவறான எண், மாறிப்போன பெயர் இதையெல்லாம் அது என்னைவிட நன்றாகப் பிடிக்கும். அலுவலக மின்னஞ்சல், ரசீது, படிவம் எல்லாம் முழுக்க அதனிடமே, அதில் என் யோசனையைச் செலவழிக்க எனக்கு ஆசையில்லை. சொல் கிடைக்காமல் தடுக்கினால் மட்டும் உடனே கேட்பதில்லை. ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் பொறுக்கிறேன்.

போன மாதம் ஒரு நாவலில் 'ஆக்வர்ட்' என்று ஒரு இடம் வந்தது. பழைய காதலியைக் கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு நிற்கிறான். பொறுமை இல்லாமல் அன்றே கேட்டுவிட்டேன். கருவி அசௌகரியம் என்றது, சங்கடம் என்றது, தர்மசங்கடம் என்றது. மூன்றும் அகராதிப்படி சரி, மூன்றும் அந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. நோட்டில் எழுதி மூடிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், "அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து எழுதினேன்: அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.